சர்வீஸில் சேராதவை

ஆயில் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா?
பணம் கொடுத்தால் யாரும் மாற்றுவார்கள்.
இருபத்தைந்து வயது ஜென்னுக்கு
அதற்குப் பிறகுதான் வேலையே.

கோத்தகிரியில் மூன்று நாள் சாரல் பிடித்தால்
கதவுகளின் அடியிலுள்ள சிறு ஓட்டைகளைக்
கொண்டை ஊசியால் குத்தித் திறந்துவிடுகிறேன்.
அடைத்துக்கொண்டால் தண்ணீர் தங்கித்
தகரத்தை உள்ளிருந்தே தின்னும்.
பெயிண்ட் மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நிற்கும்;
விரல் வைத்தால் விரல் உள்ளே போகும்.

பின் சீட்டைக் கழற்றிவிட்டு வர்க்கி டின் அடுக்கியிருக்கிறேன்.
அரவேணு, கட்டபெட்டு, பதினோரு டீக்கடை.
சனிக்கிழமை மேட்டுப்பாளையம் லோடு.
உதிர்ந்த தூளுக்கு எலி வரும்.
எலி வர்க்கியோடு நிறுத்தினால் பரவாயில்லை.
தை மாதத்தில் ஒரு விடியலில்
பச்சை வயர் போயிருந்தது, நீலம் போயிருந்தது,
சிவப்பை ஏனோ முகர்ந்துவிட்டு விட்டிருந்தது.
பெள்ளி குனிந்து பார்த்துச் சொன்னார்:
"ருசி தெரிஞ்ச எலி, அக்கா."
என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.
ஆனாலும் அக்கா.

குஞ்சப்பனை செக்போஸ்ட்டில்
ஆர்.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.
"வர்க்கி யாரு?"
வண்டி அவர் பெயரில், சார். இறந்துவிட்டார்.
"பின்னாடி என்ன?"
வர்க்கி.
விளையாடுகிறேன் என்று நினைத்து
ஒருமுறை டின்களை எல்லாம் இறக்கச் சொன்னார் ஒருவர்.
நான்கைத் தின்றுவிட்டு அனுப்பினார்.

கீழே ஒரு பட்டறையில் ட்யூன் செய்து கொடுத்தார்கள்.
அங்கே பூனை மாதிரி நின்றது.
ஏழெட்டு வளைவு ஏறியதும் இருமல், கறுப்புப் புகை.
மேலே காற்று மெலிசு என்று
சமவெளியில் இருப்பவருக்கு யார் சொல்வது?
பெள்ளி கார்ப்புரேட்டர் திருகை
அரைக்கால் சுற்றுத் திருப்பினார்,
காதைக் கொடுத்தார்,
இன்னும் ஒரு முடியளவு திருப்பினார்,
பீடி பற்றவைக்க ரோட்டைத் தாண்டிப் போனார்.

பிரேக் ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினார்.
பால் விடாத டீ.
மலையின் ஈரத்தை வருஷக்கணக்கில் குடித்திருக்கிறதாம்.
இறக்கத்தில் சூடேறினால் கொதிக்கும்,
மிதி காலடியில் பஞ்சாகிவிடும்.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
அதை நம்பித்தான்
போன சனிக்கிழமை
மகளை முன்னால் உட்காரவைத்து இறங்கினேன்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றியபோது
தையல்மேல் கல்லாய் இறுகிய ஒரு பச்சைக் கட்டி.
கத்தியால் பெயர்த்து முகர்ந்தார்.
சோப்பு. குளிக்கிற சோப்பு.
ஓரமாகப் போட்டார்.
டேங்கில் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிவைத்துப்
பிறகு வெல்டு வைத்தார். அறுநூறு ரூபாய்.

பெயர் மாற்ற வாரிசின் கையெழுத்து வேண்டுமென்று
தொடுபுழாவுக்கு எழுதியிருந்தேன்.
நான்கு மாதம் கழித்துத் தாள்கள் வந்தன.
மூன்று இடத்திலும் ஒரே சாய்வில் ஷைனி வர்க்கி.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
பர்லியாரில் டேங்க் ஒழுகியபோது
அப்பா என் சோப்பை வாங்கித்தான் அடைத்தார்.
ஹாஸ்டலுக்குப் போகிற வழி.
புதுச் சோப்பு, நான் அழுதேன்.
அது இன்னும் இருக்கிறதா?

தாள்களை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தாயிற்று.
சீட்டு மட்டும் டேஷ்போர்டில் கிடக்கிறது,
வெயிலுக்குச் சுருண்டு, பனிக்குத் தளர்ந்து.
எந்தப் பொய்யை எழுதுவது என்று
பதினோரு கடையும் யோசித்துவிட்டு
பட்டறையில் நிறுத்திக் கேட்டேன்:
அந்தக் கட்டியை எங்கே போட்டீர்கள்?

பெள்ளி தலையைச் சொறிந்தார்.
"அன்னைக்குச் சாயங்காலம்
அதுலதான் கை கழுவினேன், அக்கா.
பெட்ரோல் வாடை போகவே இல்ல.
ஆனா நல்லா நுரை வந்துச்சு."